எண்ணாமல் எழுதிய காலமும் எண்ணி எழுதும் காலமும்

ஈஸ்னோபீலியா என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடாமல் இருமுகிற பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப் போனால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஈஸ்னோபீலியா இருக்கு" என்பார். மூன்று வாரத்துக்கு மாத்திரை எழுதுவார். கூடவே பூச்சி மருந்தும் வரும். என் அம்மாவின் தலைமுறைக்கு அது தூசு, பனி, ஐஸ் தண்ணீர் எல்லாவற்றோடும் சேர்த்துச் சொல்லப்படும் ஒரு நோய். ஈசினோஃபில் என்னும் வெள்ளணுவின் பெயர்தான் அப்படி நோயாகப் பேசப்படுகிறது என்பது மருத்துவக் கல்லூரிக்குப் போன பிறகே எனக்குத் தெரிந்தது.

அந்த அணுவை இருபது வருடத்துக்கு மேலாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வருகிறேன். நான் பேத்தாலஜிஸ்ட். நோயாளியின் முகத்தைப் பார்ப்பது அரிது. அவர் உடம்பிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்குதான் ஃபார்மலின் பாட்டிலில் மிதந்து என் மேசைக்கு வரும். உணவுக்குழாய்த் துணுக்கு என்றால் ஒரு அரிசி நொய் அளவுகூட இருக்காது. அதை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக்கினால் வரும் மூன்று நான்கு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். ஹிமடாக்சிலின் நீலம்; ஈசின் இளஞ்சிவப்பு. இந்த ஈசினை ஆசையாய் உறிஞ்சிக்கொள்ளும் துகள்கள் நிறைந்த அணு என்பதால்தான் பால் எர்லிஹ் 1879-இல் அதற்கு ஈசினோஃபில் என்று பெயர் வைத்தார். மூக்குக்கண்ணாடி போல இரண்டு மடலாய் நிற்கும் உட்கரு, அதைச் சுற்றிச் செங்கல்பொடி தூவியது போலச் சிவப்புத் துகள்கள். ஒருமுறை பார்த்தவர் மறக்க முடியாது.

வயிற்றிலும் குடலிலும் இந்த அணு வழக்கமாகவே குடியிருக்கும். உணவுக்குழாயின் மேல்படலத்தில் மட்டும் இருக்கக் கூடாது. ஆரோக்கியமான உணவுக்குழாயில் ஒன்றுகூட இருக்காது. இருந்தால் எதையோ சொல்கிறது. என்ன சொல்கிறது என்பதில்தான் எங்கள் தொழில் ஏறக்குறைய முப்பது வருடம் தடுமாறியது.

நான் மேற்படிப்பு படித்தபோது இதற்கு ஒற்றை விடைதான். உணவுக்குழாயில் ஈசினோஃபில் தெரிந்தால் அது எதுக்களிப்பு. வயிற்று அமிலம் மேலே ஏறி அரித்த அடையாளம். 1982-இல் ஹார்லண்ட் விண்டரும் அவரது கூட்டாளிகளும் குழந்தைகளின் துணுக்குகளைப் பார்த்து, எதுக்களிப்பைக் கண்டுபிடிக்க இந்த அணு ஒரு புதிய அடையாளம் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. எதுக்களிப்பிலும் கீழ்முனையில் நாலைந்து ஈசினோஃபில்கள் வரும். ஆனால் அந்த நாலைந்துக்குச் சொன்னதை நாங்கள் நாற்பதுக்கும் சொன்னோம். யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்றே தோன்றவில்லை.

என் கையெழுத்தோடு போன ஒரு ரிப்போர்ட்டைச் சொல்கிறேன். 2004. கல்லூரி மாணவர் ஒருவர். ரிக்விசிஷன் ஃபார்மில் வயது, பெயர், "நெஞ்செரிச்சல், எதுக்களிப்பா என்று பார்க்கவும்", அவ்வளவுதான். ஒரே பாட்டில், அதில் ஒரே ஒரு துணுக்கு, குழாயின் கீழ்முனையிலிருந்து. பார்த்தேன், ஈசினோஃபில்கள் இருந்தன. "எதுக்களிப்பால் வந்த அழற்சிக்கு ஒத்துப்போகிறது" என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்திட்டேன். அன்றைக்கு வந்த முப்பது நாற்பது ஸ்லைடுகளில் அதுவும் ஒன்று.

2011-இல் அவர் பெயர் மறுபடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட ஆட்டுக்கறித் துண்டு நெஞ்சில் அடைத்து, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் இரவு மருத்துவமனைக்கு வந்திருக்கிறார். எண்டோஸ்கோப்பியில் கறியை எடுத்த டாக்டர், குழாய் முழுக்க வளையம் வளையமாக இருப்பதைப் பார்த்து ஆறு துணுக்கு எடுத்து அனுப்பினார். ஃபார்மில் பழைய கேஸ் நம்பரும் இருந்தது. பழைய ஸ்லைடைத் தேடி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். இந்த முறை எண்ணினேன். லென்ஸில் தெரியும் வட்டங்களில் அடர்த்தியான ஒன்றில் மட்டும் 38. ஏழு வருடத்துக்கு முன்பும் அந்த 38 அங்கேதான் இருந்தது. கண்ணாடியில் ஒரு மாற்றமும் இல்லை. அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கவில்லை.

இடைப்பட்ட காலத்தில் அந்தப் பையன் எப்படிச் சாப்பிட்டிருப்பார் என்று இப்போது என்னால் ஊகிக்க முடிகிறது. உணவுக்குழாயில் இப்படி ஈசினோஃபில் மண்டும் நோய் உள்ளவர்கள் பந்தியில் கடைசியாய் எழுந்திருப்பவர்கள். ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிப்பார்கள். சப்பாத்தியையும் கறியையும் ஒதுக்கிவிட்டு, ரசம் ஊற்றிக் குழையப் பிசைந்த சோறாகக் கேட்பார்கள். பெரிய மாத்திரையை உடைத்துத்தான் விழுங்குவார்கள். "மெதுவாச் சாப்பிடுற பிள்ளை" என்று வீட்டில் பெயர் வாங்கிவிடுவார்கள். வருடக்கணக்காகச் செய்து பழகியதால், "சோறு இறங்குவதில் கஷ்டம் உண்டா" என்று டாக்டர் கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும்.

தனி நோய் என்று பிரித்துப் பார்த்தவர்கள் 1990-களில் வந்தார்கள். அதற்கு முன்பும் ஒற்றை ஒற்றையாய்ச் சில நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1978-லேயே உணவுக்குழாய் இறுக்க நோயோடு சேர்ந்த ஒருவரைப் பற்றிய குறிப்பு உண்டு. ஆனால் 1993-இல் ஸ்டீஃபன் ஆட்வுட்டும் சகாக்களும் விழுங்க முடியாத 12 பெரியவர்களை வரிசைப்படுத்தி, இவர்கள் குழாயில் ஈசினோஃபில் மண்டிக் கிடக்கிறது, அமில அளவோ இயல்பாக இருக்கிறது, ஆகவே இது எதுக்களிப்பு அல்ல என்று நேராகச் சொன்னார்கள். அடுத்த வருடமே சுவிட்சர்லாந்தின் அலெக்ஸ் ஷ்ட்ராமன் 10 நோயாளிகளைப் பற்றி எழுதி, இது அடிக்கடி கண்ணில் படாமல் தப்பிவிடும் நோய் என்றார். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனித்தனியே ஒரே காட்சி தெரிந்திருக்கிறது.

என்னை அதிகம் அசைத்தது 1995-இல் வந்த ஒரு கட்டுரை. எதுக்களிப்பு என்று முத்திரை குத்தப்பட்டு, எந்த மருந்துக்கும் அடங்காத 10 குழந்தைகள். சிலருக்கு எதுக்களிப்பைத் தடுக்க வயிற்றின் மேல்பகுதியைச் சுற்றித் தைக்கும் அறுவைசிகிச்சைகூட நடந்திருந்தது. அவர்களுக்கு வழக்கமான சாப்பாட்டை நிறுத்திவிட்டு, புரதத்துக்குப் பதில் அமினோ அமிலங்களை வைத்துச் செய்த பால்மாவையும், சோளத்தையும், ஆப்பிளையும் மட்டும் கொடுத்தார்கள். 8 குழந்தைகளுக்குத் தொந்தரவு முழுதாக நின்றது. 2 பேருக்குக் குறைந்தது. மறுபடி எடுத்த துணுக்குகளில் ஈசினோஃபில்கள் ஏறக்குறைய மறைந்திருந்தன. குற்றவாளி அமிலம் அல்ல, சாப்பாடு. ஒவ்வாமை.

சின்சினாட்டியில் உள்ள குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள் பின்னாளில் 1982 முதல் 1999 வரை எடுத்த பழைய துணுக்குகளை எல்லாம் வெளியே எடுத்து, புதிய அளவுகோலால் மறுபடி பார்த்தார்கள். அந்த நாளில் வேறு பெயரில் அனுப்பப்பட்ட குழந்தைகளில் இந்த நோய் இருந்தவர்கள் தென்பட்டார்கள். தேடிப் பிடித்து விசாரித்தபோது, வளர்ந்து ஆளான பின்பும் அவர்களில் பலர் விழுங்கச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்கள். என்னுடைய 38-ஐப் போல எத்தனையோ 38-கள் உலகமெங்கும் அலமாரிகளில் அடுக்கிக் கிடந்தன என்று அர்த்தம்.

சரி, எத்தனை இருந்தால் நோய்? 2007 வரை ஆளுக்கொரு கணக்கு. அந்த வருடம் இவான் டெலனும் குழுவினரும் வெளிவந்த கட்டுரைகளைத் தோண்டிப் பார்த்தபோது பத்து வெவ்வேறு வரையறைகள் இருந்தன. சிலருக்கு 5 போதும், சிலருக்கு 30 வேண்டும். அதே 2007-இல்தான் நிபுணர்கள் கூடி, ஹை பவரில் தெரியும் ஒரு வட்டத்தில் 15 என்று முடிவு செய்தார்கள். துணுக்கு முழுக்கச் சுற்றி வந்து, எந்த இடத்தில் கூட்டம் அதிகமோ அங்கே எண்ண வேண்டும். சராசரி எடுக்கக் கூடாது.

இந்த 15 வந்த பிறகும் ஒரு கோளாறு மிச்சமிருந்தது. வெளியாட்கள் இதை நம்பமாட்டார்கள். மைக்ரோஸ்கோப்புக்கு மைக்ரோஸ்கோப் அந்த வட்டத்தின் அளவே வேறு. எங்கள் லேபில் இருந்த பழைய கருவியின் கண் லென்ஸ் விளிம்பில் 18 என்று பொறித்திருக்கும், புதியதில் 22. நாற்பது மடங்கு லென்ஸில் வைத்தால் முதலாவதில் தெரியும் பரப்பு சுமார் 0.16 சதுர மில்லிமீட்டர், இரண்டாவதில் சுமார் 0.24. புதியதில் 15 ஈசினோஃபில் காட்டும் அதே இடம் பழையதில் 10 தான் காட்டும். ஒரே ஆள், ஒரே துணுக்கு, ஒரே நாள். ஒரு மேசையில் நோயாளி, அடுத்த மேசையில் நோய் இல்லாதவர். 2018-இல் வந்த சர்வதேச உடன்பாடு 15 என்ற எண்ணின் பக்கத்தில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 60 என்றும் சேர்த்துச் சொன்னது. அன்றிலிருந்து என் ரிப்போர்ட்டில் எண்ணோடு கூட வட்டத்தின் பரப்பையும் எழுதுகிறேன். ஒரு வரிதான் கூடுதல். நோயாளி ஊர் மாறி வேறு லேபுக்குப் போனாலும் என் எண் அங்கேயும் பேச வேண்டுமே.

துணுக்கின் எண்ணிக்கையும் இதே மாதிரிதான். நோய் குழாய் முழுக்க ஒரே சீராய்ப் பரவுவதில்லை. திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். ஒரு விரற்கடை மேலே எடுத்தால் 80, கீழே எடுத்தால் 3. 2006-இல் நிர்மலா கொன்சால்வஸும் குழுவினரும் செய்த ஆய்வில் ஒரே துணுக்கு எடுத்தால் 55 சதவீதம் பேரிடம்தான் நோய் பிடிபட்டது. ஐந்து எடுத்தால் எல்லோரிடமும். என் 2004-ஆம் வருடத்து ஒற்றைத் துணுக்கில் 38 கிடைத்தது அதிர்ஷ்டம். அதையும் வீணாக்கினேன். இப்போது இரண்டு இடங்களிலிருந்தாவது, குறைந்தது ஆறு எடுக்க வேண்டும் என்பது விதி. குழாயில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அங்கேயே எடுப்பது நல்லது. முன்பெல்லாம் அந்தப் புள்ளிகளைப் பூஞ்சைக் காளான் என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்தவர்கள் உண்டு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அவை ஈசினோஃபில்கள் மேல்பரப்பில் கொத்துக் கொத்தாகச் சேர்ந்த குவியல்கள்.

எங்களைப் படாத பாடு படுத்தியது கேஸ் மாத்திரை விவகாரம். ஒமிப்ரசோல், பாண்டோபிரசோல் என்று காலையில் வெறும் வயிற்றில் போடுகிறோமே, அதேதான். 2007-ஆம் வருட விதிப்படி, அந்த மாத்திரையை முழு அளவில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அடங்கினால் எதுக்களிப்பு, அடங்காவிட்டால்தான் ஒவ்வாமை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மாத்திரைக்கு அடங்கியவர்களின் துணுக்கும் அடங்காதவர்களின் துணுக்கும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. மரபணுக்கள் எவை தூண்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்று. 2011-இல் இந்த இடைப்பட்ட கூட்டத்துக்கென்று தனிப் பெயரே வைத்தார்கள். கடைசியில் தெரிந்தது, அந்த மாத்திரை அமிலத்தை மட்டும் குறைக்கவில்லை; ஈசினோஃபில்களைக் கூவி அழைக்கும் ஒரு புரதத்தைக் குழாயின் செல்கள் சுரப்பதையும் தடுக்கிறது. 2017-இல் ஐரோப்பியர்களும் 2018-இல் சர்வதேச உடன்பாடும் அந்தச் சோதனையைக் கைவிட்டார்கள். நேற்றுவரை நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையாக இருந்தது இன்று நோய்க்கான மருந்துகளில் ஒன்று. பத்து வருடத்துக்குள் ஒரே ஸ்லைடுக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறோம். நோயாளிகளின் பொறுமையைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ரிப்போர்ட் ஒற்றை வரியில் முடிவதில்லை. மேல் பாட்டிலில் அதிகபட்சம் எத்தனை, கீழ் பாட்டிலில் எத்தனை, எந்தப் பரப்பில் எண்ணினேன் என்பது முதலில். எண்ணோடு மட்டும் நின்றுவிடக் கூடாது என்று மார்கரெட் காலின்ஸும் குழுவினரும் 2017-இல் எட்டு அம்சங்களை வகுத்துக் கொடுத்தார்கள். அடியடுக்கு எவ்வளவு தடித்திருக்கிறது, செல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா, ஈசினோஃபில்கள் மேல்பரப்பில் வரிசை கட்டியிருக்கின்றனவா, கொத்தாகக் கூடிச் சிறு கட்டியாயிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மருந்து சாப்பிட்ட பிறகு எண் 4-க்கு இறங்கியிருந்தாலும் அடியடுக்கு தடித்தே கிடப்பதை இப்படித்தான் சொல்ல முடிகிறது. "எண் குறைந்துவிட்டதே, ஏன் இன்னும் அடைக்கிறது" என்று கேட்கும் நோயாளிக்கு அந்த வரியில் பதில் இருக்கலாம்.

எட்டில் ஒன்று மட்டும் பாதி நேரம் கைக்குக் கிடைக்காது. மேல்படலத்துக்குக் கீழே நார்த்திசு ஓடும். நோய் முற்ற முற்ற அது இறுகித் தழும்பாகும். குழாய் சுருங்குவது அதனால்தான். இடுக்கி மேலோட்டமாகக் கிள்ளினால் அந்த அடுக்கு துணுக்கில் வருவதே இல்லை. அப்போது "தழும்பு இல்லை" என்று எழுதக் கூடாது. "பார்க்கும்படி நார்த்திசு வரவில்லை" என்று எழுத வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர்களிடம் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சுவிஸ் நோயாளிகள் 200 பேரைப் பார்த்து 2013-இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. நோய் தொடங்கி இரண்டு வருடத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 17 சதவீதம் பேருக்குக் குழாய் சுருங்கியிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் தாமதமானவர்களில் 71 சதவீதம். ஒற்றை வரி ரிப்போர்ட்டுகளின் விலை அது.

சிகிச்சை மாறியதால் எங்கள் எண்ணுக்குப் பாரம் கூடிவிட்டது. பால், கோதுமை, முட்டை, சோயா, கடலை-கொட்டை வகைகள், மீன்-இறால் ஆகிய ஆறையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது ஒரு வழி. எது ஆகவில்லை என்று தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை நம்பும்படி சொல்வதில்லை. ரத்தத்தில் ஈசினோஃபில் கூடாமலேகூட நோய் இருக்கலாம். ஒரு உணவைச் சேர்த்தபின் மறுபடி எண்டோஸ்கோப்பி, மறுபடி துணுக்கு, மறுபடி எண். பாலை மட்டும் நிறுத்தினாலே போதுமா என்று 129 பெரியவர்களிடம் பார்த்து 2023-இல் எழுதினார்கள்: ஆறையும் விட்டவர்களில் 40 சதவீதம் பேருக்கு அடங்கியது, பாலை மட்டும் விட்டவர்களில் 34 சதவீதம், பெரிய வித்தியாசமில்லை. ஒரு வீட்டில் காலைக் காப்பி தொடருமா நிற்குமா என்பது என் மேசையில் முடிவாகிறது. ஆஸ்துமா பஃபை இழுக்காமல் விழுங்கச் சொன்ன காலம் போய், குழாயில் படியும்படியே செய்த புடசோனைட் மாத்திரைக்கு ஐரோப்பா 2018-இல் அனுமதி தந்தது. டூபிலுமாப் ஊசிக்கு அமெரிக்கா 2022-இல் கொடுத்தது. அவ்வளவு விலையுள்ள மருந்தைத் தொடரலாமா என்று முடிவு செய்பவர், முன்பு எத்தனை, இப்போது எத்தனை என்றுதான் கேட்பார். "ஈசினோஃபில்கள் காணப்படுகின்றன" என்று எழுதி அனுப்பினால் அவருக்கு ஒரு பயனுமில்லை.

எண்ணை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மருந்து ஒவ்வாமை, குடல் அழற்சி நோய், பூச்சித் தொற்று என்று ஈசினோஃபில் கூட வேறு காரணங்களும் உண்டு. நம் ஊரில் கடைசிக் காரணத்தை மறக்கக் கூடாது. அதே சமயம் எல்லாவற்றையும் அதன் தலையிலேயே கட்டிவிடவும் கூடாது. ஃபார்மில் நாலு வார்த்தை சேர்த்து எழுதினால் போதும்: அடைப்பு இருக்கிறதா, எத்தனை நாளாய், ஆஸ்துமா அல்லது தோல் அரிப்பு உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார். இன்னமும் பாதி ஃபார்ம் வெறுமையாகத்தான் வருகிறது. எண்டோஸ்கோப்பி செய்கிற டாக்டர்களிடம் இதற்காகப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். தொல்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை.

சென்ற வாரம் ஒரு கேஸ். முப்பது வயதுப் பெண், தொண்டைக்குக் கீழே சோறு நிற்கிறது என்று வந்தவர். இரண்டு பாட்டில், ஒன்றில் "கீழ்ப்பகுதி", இன்னொன்றில் "நடுப்பகுதி" என்று கையால் தெளிவாக எழுதி ஒட்டியிருந்தார்கள். என் மாணவி கையில் கவுண்டரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், எங்க சுத்தினாலும் 14 தான் வருது."

"அடியடுக்கு எப்படிம்மா இருக்கு?"

"தடிச்சிருக்கு மேடம். செல்லுக்கு நடுவுல கேப்பும் தெரியுது."

"அப்ப பிளாக்கை இன்னும் ஆழமா வெட்டச் சொல்லு. மூணு லெவல் போடட்டும்."

மறுநாள் மதியம் புது ஸ்லைடுகள் வந்தன. முதல் லெவலில் 12. இரண்டாவதில் துணுக்கின் ஓரமாய், முந்தைய நாள் கண்ணாடியில் இல்லாத ஒரு மூலையில், சிவப்புப் பொடி கொட்டியது போல ஒரு இடம். அவளே எண்ணினாள்; நானும் தனியே எண்ணினேன். 31. குறிப்பேட்டில் இருந்த 14-ஐ ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு 31 என்று எழுதினாள். பக்கத்தில் "நடுப்பகுதி, இரண்டாம் லெவல், 0.24 சதுர மி.மீ." என்று சேர்த்துவிட்டு, ஃபார்மின் மேலே இருந்த போன் நம்பரைத் தேடத் தொடங்கினாள்.